ஒன்பதரைக்குக் கூவும் சேவல்

"சின்னையா, உனக்குக் கோழி பிடிக்குமா?" என்று தியாகராஜன் கேட்டார்.

"கொழம்புல இருந்தா பிடிக்கும் ஐயா. மத்தபடி எங்களுக்குள்ள பழக்கமில்ல."

"இன்னிக்குப் பழகிக்க. ஒரு சேவலப் பத்திக் கேஸ் வந்திருக்கு. கெளம்பு."

1911ஆம் வருஷம், ஆடி பிறக்க இரண்டு நாள் இருந்த சனிக்கிழமை அது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்று பெயர்தான் பெரிது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ரயில் புகை. தியாகராஜன் பதினெட்டு வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஆயிரக்கணக்கான பொய்களைத் தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றிச் சொன்ன மனுஷன் என்பதால், எதிரே நிற்பவன் வாயைத் திறக்கும்போதே பாதி தெரிந்துவிடும் அவருக்கு. நான் ரயில்வே கார்டாக இருந்தவன். ஸ்டேஷன் மாஸ்டரின் மீசையைப் பற்றி நான் சொன்ன ஒரு சின்ன வார்த்தை அவர் காது வரைக்கும் போய்விட்டது. கொடியையும் விசிலையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, சித்திரை மாதம் இவரிடம் வந்து சேர்ந்தேன். என் வாயை இவரும் பொறுத்துக்கொள்கிறார் என்று சொல்ல முடியாது. காது கேட்காதவர் மாதிரி இருந்துவிடுகிறார்.

மாடிப்படி இறங்கும்போது கடைசிக்கு முந்திய படி என்னை ஏமாற்றிவிட்டது. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஒருவழியாகத் தரைக்கு வந்தேன்.

"மூணு வாரமா இந்தப் படிக்கு என் மேல ஏதோ கோவம் ஐயா" என்றேன். தியாகராஜன் திரும்பி என் காலை ஒரு பார்வை பார்த்தார்.

ரயில்வே குவார்ட்டர்ஸைத் தாண்டி மேட்டின் மேல் டாக்டர் மெரிடித்தின் பங்களா. அதற்குப் பின்னால் அவருடைய சொந்த ஆராய்ச்சிக்கூடம். துரை முன்பு ரப்பர் தோட்டங்களில் டாக்டராக இருந்தவர். தமிழை அங்கே லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலி ஜனங்களிடம் கற்றுக்கொண்டார். ஆகையால் கவர்னரே தமிழில் பேச வந்தாலும் துரை அவரை 'நீ' என்றுதான் கூப்பிடுவார்.

"நீ தியாகராஜனா? நீ உள்ள வா. இவன் யாரு?"

"என் உதவியாளர் சின்னையா."

"நீயும் வா" என்றார் துரை. மரியாதை இரண்டு பேருக்கும் சமமாகக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்.

கம்பி வலை அடித்த ஒரு கொட்டகைக்குக் கூட்டிப் போனார். உள்ளே வரிசையாக ஆறு கூண்டுகள், கூண்டுக்கு ஒரு சேவல். ஐந்து சேவல்கள் கால் விலகிக் கழுத்து பின்னால் மடங்கி விழுந்து கிடந்தன. பார்க்கவே பாவமாக இருந்தது. ஐந்தாம் எண் கூண்டில் மட்டும் ஒரு சிவப்புச் சேவல், கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி மார்பைத் தூக்கிக்கொண்டு இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தது.

துரை விஷயத்தைச் சொன்னார். பெரிபெரி என்று ஒரு வியாதி. ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் அதில் போகிறார்கள். முதலில் கால் மரத்துப் போகும், பிறகு நடை போகும், ஒரு நாள் நெஞ்சு நின்றுவிடும். சிலர் இதைக் கிருமி என்கிறார்கள், சிலர் ஈரத் தரை என்கிறார்கள். காரணம் மில்லில் வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசிதான் என்பது துரையின் கட்சி. புழுங்கலரிசி தின்னும் தோட்டத்துத் தமிழனுக்கு இது வருவதில்லையே, ஏன்? அதற்காகத்தான் இந்தச் சோதனை. இங்கே ஆறு சேவலுக்கும் வெள்ளை அரிசி. பக்கத்துக் கொட்டகையில், ஏழு முதல் பன்னிரண்டு வரை எண் போட்ட இன்னொரு ஆறுக்குப் புழுங்கல். அவை எல்லாம் சௌக்கியமாக இருந்தன.

"திங்கக்கிழமை பதினொரு மணிக்குக் கமிட்டி வருது" என்றார் துரை. "சொரங்கத்துக்கு எந்த அரிசி வாங்கணும்னு சொல்ற கமிட்டி. ஒரே அரிசி தின்னு அஞ்சு கோழி விழுந்து கெடக்கு, ஒண்ணு நடந்துக்கிட்டு இருக்கு. அவன் என்ன சொல்லுவான்? அரிசி மேல குத்தமில்ல, கோழி மேல குத்தம்னு சொல்லுவான். பழைய அரிசியே போடுவான். இன்னும் ஆளு சாவான்."

"யாரோ இதுக்கு மட்டும் வேற தீனி போடுறாங்கன்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டார் தியாகராஜன்.

"எப்படிப் போடுவான்? சாவி என் சங்கிலியில. காலையில எட்டு மணி, சாயந்திரம் அஞ்சு மணி, நானே தெறக்கிறேன். நானே அரிசி நிறுத்துக் கொடுக்கிறேன். அந்த இராமலிங்கம் என் கண்ணு முன்னாலதான் வைக்கிறான். ஆனா அவன் மேலதான் எனக்குச் சந்தேகம்."

ஆராய்ச்சிக்கூடத்து உதவியாளன் இராமலிங்கம் கொஞ்ச தூரத்தில் நின்றான். உயரமாக, ஒல்லியாக, கையில் தராசோடு, தராசை விட அதிகமாக ஆடிக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இவன் கிள்ளானுக்குப் போறான். அங்க ஒரு வெள்ளை அரிசி வியாபாரி கடைக்குள்ள நுழையறத என் சமையக்காரன் பாத்திருக்கான். ஏன் போறேன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கிறான். திங்கக்கிழமைக்குள்ள நீ கண்டுபிடி. இல்லேன்னா இவன் வேலையும் போச்சு, போலீசுக்கும் போறான்."

இராமலிங்கத்தின் முகம் வெளிறிப்போனது. தியாகராஜன் அவனை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கூண்டுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது.

ஐந்தாம் எண் கூண்டுக்கு அடியில் சிவப்பெறும்புச் சாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதன் மேல்தான் நின்றிருக்கிறோம். துரை "ஓ!" என்று ஒரு குதி குதித்தார். தியாகராஜன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு குதி குதித்தார். நான் மட்டும் அசையாமல் நின்றேன்.

"ரயில்வேக்காரன் காலு தொரை" என்றேன். "எறும்புக்கெல்லாம் அசையாது."

தியாகராஜன் காலைத் தட்டிக்கொண்டே எறும்புச் சாரியைக் கண்ணால் தொடர்ந்தார். அது ஐந்தாம் எண் கூண்டின் தண்ணீர்த் தகரத்தின் விளிம்பு வரைக்கும் போய் முடிந்தது. மற்ற ஐந்து தகரங்களில் ஓர் எறும்பு இல்லை. பிறகு சேவலின் காலைப் பார்த்தார். நிறம் போன ஒரு மஞ்சள் நூல் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இந்தச் சேவல எங்க வாங்கினீங்க?"

"மத்த அஞ்சும் பாசார்ல, சந்தையில வாங்கினது. இது வாங்கல. அன்னிக்கு ஒண்ணு கொறைஞ்சுது. ரோட்டுல சும்மா சுத்திக்கிட்டு இருந்ததுன்னு சமையக்காரன் புடிச்சிட்டு வந்தான். ஆறு வாரமாச்சு, யாரும் கேட்டு வரல."

"பிரிக்பீல்ட்ஸ்ல, கொழுத்த சேவலு, ரோட்டுல சுத்துது, யாரும் புடிக்கல, காணாமப் போனா யாரும் கேட்டும் வரல" என்று தியாகராஜன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "தண்ணி யாரு ஊத்துறாங்க?"

"தண்ணிக்குக் கதவு தெறக்க வேண்டாம்" என்று துரை பெருமையோடு வலையில் சொருகியிருந்த மூங்கில் குழாய்களைக் காட்டினார். "வெளியில இருந்தே தகரத்துல விழும். என் ஐடியா. கூட்டுற பொம்பள ஊத்துவா. தண்ணியில என்ன இருக்கு? தண்ணி தண்ணிதான்."

அப்போது இராமலிங்கம் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "ஐயா, இன்னொரு விசயம். அந்தச் சேவலு விடியக்காலம் கூவாது. தெனமும் காலையில ஒம்பதரைக்குத்தான் கூவும்."

"அது நான் நோட்டுல எழுதியிருக்கேன்" என்றார் துரை. "வியாதியோட ஆரம்பமா இருக்கும்."

"கெடிகாரம் வாங்கிக் குடுத்துப் பாருங்களேன் தொரை" என்று நான் சொன்னேன். துரைக்கு அது பிடிக்கவில்லை.

*

மறுநாள் காலை கிள்ளானுக்கு ரயில் ஏறினோம். இராமலிங்கம் இரண்டு பெட்டி தள்ளி உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை, தலையில் எண்ணெய் வழிந்தது.

"திருட்டு வேலைக்குப் போறவன் இவ்வளவு எண்ணெய் வைப்பானா ஐயா?" என்றேன்.

"நானும் அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

கிள்ளானில் இறங்கிப் பாதிப் பிளாட்பாரம் நடந்த பிறகு தியாகராஜன் நின்றார். "சின்னையா, உன் எடது செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்காலாக இருந்தது. ஓடிப் போய்ப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்து வந்தேன். "உங்களோட சுத்தி அதுவும் களைச்சுப் போச்சு, ஒக்காந்துட்டுது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல வேடிக்கைப் பேச்சு வீணாகிறதே என்று எனக்கு வருத்தம்.

இராமலிங்கம் நுழைந்தது சபாபதி என்பவருடைய அரிசிக் கடை. தொப்பையும் விபூதியுமாக வாசலில் நின்றவர் எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வாங்க ஐயா, வாங்க. என்ன அரிசி பாக்கிறீங்க?" என்று இரண்டு மூட்டையைத் திறந்துவிட்டார். "இது சயாம் வெள்ளை. மல்லியப்பூ மாதிரி பாருங்க. உத்தியோகஸ்தரு எல்லாம் இதத்தான் வாங்குவாங்க. இது புழுங்கல். தோட்டத்து ஆளுங்க திங்கிறது, நமக்கு வேணாம்லா."

"நான் வெள்ளையத் தவிர வேற தொடுறதில்ல" என்று நானும் உத்தியோகஸ்தர் தோரணையில் நிமிர்ந்தேன். "சித்திரையில இருந்து மெஸ்ல சொல்லிவச்சு எனக்குன்னு தனியா வெள்ளைச் சோறுதான். கார்டு வேலை போனாலும் கார்டு சாப்பாடு போகக் கூடாது பாருங்க."

"தொட்டுக்க?" என்று தியாகராஜன் கேட்டார்.

"ரசம், அப்பளம். இந்த மாதிரிச் சோத்துக்கு வேற என்ன வேணும்?"

"பருப்பு, பயறு?"

"அதெல்லாம் புழுங்கச் சோத்துக்கு ஐயா."

அவருக்குப் பசி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கடைக்குப் பின்கட்டில் இராமலிங்கம் கையும் களவுமாகப் பிடிபட்டான். களவு என்றால், வாழையிலை முன்னால் உட்கார்ந்து நாலாவது இட்லியை எடுத்துக்கொண்டிருந்தான். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. எங்களைக் கண்டதும் இட்லி கையிலேயே நின்றுவிட்டது.

"மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சவங்களா?" என்றார் சபாபதி. "எம் பொண்ணு ராஜேஸ்வரிக்குப் பேசியிருக்கோம். ஆவணியில முகூர்த்தம்."

தனியாகக் கூப்பிட்டதும் இராமலிங்கம் அழாத குறையாகச் சொன்னான். "பெண்ணு வீட்டுல வெள்ளை அரிசி விக்கிறாங்கன்னு சொன்னா தொரை என்னைச் சந்தேகப்படுவாருன்னு சொல்லல ஐயா. சொல்லாததால சந்தேகப்பட்டுட்டாரு. வேலை போச்சுன்னா இந்தக் கல்யாணமும் போச்சு. அந்தப் பொண்ணு மொகத்துல எப்படி முழிப்பேன்?"

அவன் சொன்னது நிஜம் என்று எனக்கே தெரிந்தது. வாசலில் நின்ற சபாபதி தியாகராஜன் பக்கம் சாய்ந்து, "மாப்பிள்ளை உத்தியோகம் நெலைச்சதுதானுங்களே?" என்று கிசுகிசுத்தார்.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு மேல சொல்றேன்."

"ஆமா ஆமா, பதினொன்னுக்கு மேலதான் நல்ல நேரம்" என்று அவர் ஒப்புக்கொண்டார்.

கிளம்பும்போது தியாகராஜன் பின்வாசலில் நின்றுவிட்டார். சபாபதியின் மனைவி சமையலுக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய முதல் தண்ணீரைக் கீழே கொட்டாமல், மாட்டுக்கென்று வைத்திருந்த வாளியில் ஊற்றினாள். வாளியின் விளிம்பைச் சுற்றி எறும்பு. தியாகராஜன் குனிந்து, அந்தக் கழுநீரில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார்.

"பசிச்சா இட்லி கேட்டிருக்கலாமே ஐயா" என்றேன். "மாடு என்ன நினைக்கும்?"

"சின்னையா" என்று நிமிர்ந்தார். முகத்தில் கோர்ட்டில் சாட்சி உளறும்போது வருகிற அந்தச் சிரிப்பு. "தொரை எல்லாத்தையும் நிறுத்துப் பாத்தாரு. தண்ணியப் பாக்கல."

*

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்குக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த வாழைக்கூட்டத்தில் நாங்கள் ஒளிந்துகொண்டோம். துரையையும் கூட்டி வந்திருந்தோம். ஆறடி துரையை வாழைக்குப் பின்னால் மறைப்பது சுலபமில்லை, முதலில் அவர் தொப்பியைக் கழற்ற வைக்க வேண்டியிருந்தது.

ஒன்பதரைக்கு வாளிக் கைப்பிடி கிறீச்சென்று சத்தம் போட்டது. சத்தம் கேட்டதுதான் தாமதம், ஐந்தாம் எண் கூண்டுக்காரன் கழுத்தை நீட்டி, பிரிக்பீல்ட்ஸ் முழுக்கக் கேட்கும்படி ஒரு கூவல் போட்டான்.

கூட்டித் தண்ணீர் ஊற்றும் நல்லம்மாள் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மூங்கில் குழாயில் வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தவள் ஐந்தாவதில் நின்றாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு செம்பை எடுத்தாள். வெளுத்த, கலங்கலான தண்ணீர் குழாயில் இறங்கியது. சேவல் தலையை முக்கி முக்கிக் குடித்தது. நல்லம்மாள் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கை கூப்பினாள்.

"ஐயா, கோழியக் கும்பிடுறா" என்று நான் கிசுகிசுத்தேன்.

"கோழிய இல்ல" என்று சொல்லிக்கொண்டே தியாகராஜன் வெளியே போனார். "பயப்படாதீங்க அக்கா. நேந்துவிட்ட சேவலா?"

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் துரையின் தலையைக் கண்டதும் இன்னும் ஒரு அடி தாழ உட்கார்ந்தாள்.

"ஆமாங்கையா. பண்டமாரான்ல எம் மக சீதாலெட்சுமிக்குப் பிரசவம். புள்ள குறுக்கால கெடக்கு, தாயா புள்ளையான்னு சொல்லிட்டாங்க. முனியாண்டிக்குச் சேவல் தரேன்னு காலுல மஞ்சக்கயிறு கட்டி விட்டேன். ரெண்டு உசிரும் பொழைச்சுது. ஆடியில பொங்க வைக்கிற வரைக்கும் அது ஊருக்குள்ள சுத்தும், யாரும் தொட மாட்டாங்க. ஒரு நாளு பாத்தா இங்க கூண்டுக்குள்ள இருக்கு. தொரைகிட்டப் போயி எப்படிங்கையா கேக்குறது? சாமி பொருளு பட்டினியாக் கெடந்து செத்தா எம் மகளுக்கு ஆவுமா? அதான் வீட்டுல அரிசி கழுவுற மொதத் தண்ணிய அதுக்கு மட்டும் கொண்டாந்து ஊத்துறேன்."

"என்ன அரிசி?"

"கைக்குத்தலுங்க. மக வீட்டுல குத்துறது."

"மத்த அஞ்சும் பாவம் இல்லையா? அதுங்களுக்கு ஏன் ஊத்தல?" என்று நான் கேட்டேன்.

"அதுங்க தொரையோட கோழி. இது சாமியோட கோழி" என்றாள் நல்லம்மாள், இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்ற முகத்தோடு.

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆறு வாரம்! ஆறு வாரம் எல்லாம் வீணாப் போச்சு! ஒன்னரை மணி நேரத்துல கமிட்டி வருது. நான் என்ன காட்டுறது? கோழிக்குக் கும்பிடு போட்டாங்கன்னு காட்டுறதா?"

"தொரை, இராமலிங்கம் குத்தம் செய்யலன்னு முதல்ல ஒத்துக்கோங்க."

"ஒத்துக்கிட்டேன். ஆனா என் சோதனை போச்சே!"

"போகல. முடிஞ்சிருக்கு" என்றார் தியாகராஜன். "இதுக்கும் அந்த அஞ்சுக்கும் ஒரே அரிசி, ஒரே அளவு. நீங்களே நிறுத்தது. பூட்டு சாவி உங்ககிட்ட. ஒரே கொட்டகை, ஒரே ஈரம், ஒரே கிருமி. ஒரே ஒரு வித்தியாசம், தெனம் ஒரு செம்புக் கழுநீர். அந்த அஞ்சும் விழுந்துடுச்சு, இது நிக்குது. அப்ப உசிரக் காப்பாத்துற சரக்கு அரிசியோட மேல்தோலுல இருக்கு. மில்லுல தீட்டித் தூக்கி எறியிறது அதத்தான். அது தண்ணியிலயும் கரையுது. கமிட்டிக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

துரை கவிழ்த்து வைத்த ஒரு வாளியின் மேல் மெல்ல உட்கார்ந்தார். சேவலைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார், தான் கண்டுபிடித்த மூங்கில் குழாயைப் பார்த்தார்.

"தண்ணியில கரையுதான்னு பாக்கிற சோதனை" என்றார் கடைசியில். "அடுத்த வருசம் செய்யலாம்னு எழுதி வச்சிருந்தேன்."

"அந்தம்மா இந்த வருசமே செஞ்சிட்டாங்க" என்றேன் நான்.

துரை மனுஷன்தான் என்பது பதினொரு மணிக்குத் தெரிந்தது. கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். ஐந்தாம் எண்ணைக் காட்டி அவர்கள் சிரிக்கத் தொடங்குமுன் துரை முந்திக்கொண்டார். இது நல்லம்மாள் செய்த சோதனை என்று அவள் பெயரைச் சொல்லியே ஆரம்பித்தார். பிறகு விழுந்து கிடந்த இரண்டாம் எண்ணுக்கு, அவர்கள் கண் முன்னாலேயே, தவிடு ஊறிய தண்ணீரை வாயில் ஊற்றினார். வியாழக்கிழமை வந்து பாருங்கள் என்றார். வியாழக்கிழமை அது எழுந்து நின்று, கமிட்டித் தலைவரின் விரலைக் கொத்தியது. அறிக்கையில் அவர் அதையும் எழுதினாராம்.

ஆனால் நான் சொல்ல வந்தது திங்கட்கிழமை மத்தியானத்தைப் பற்றி. கமிட்டி போன பிறகு இராமலிங்கம் தியாகராஜனின் காலில் விழப் போனான். அவர் தடுத்து நிறுத்திவிட்டு, "தொரை, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார். "பதிமூணாம் நம்பர்."

"பன்னிரண்டு சேவல்தானே?" என்று துரை சுற்றுமுற்றும் பார்த்தார். நானும் கூண்டுக்கு அடியில் குனிந்து தேடினேன்.

"அங்க தேடாத சின்னையா" என்றார் தியாகராஜன். "நீதான்."

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. துரை என்னை ஒரு பெஞ்சியில் உட்காரவைத்து, காலைத் தொங்கவிடச் சொல்லி, சின்ன ரப்பர்ச் சுத்தியால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். பக்கத்தில் இராமலிங்கத்துக்கும் ஒரு தட்டுத் தட்டினார். அவன் கால் துள்ளி என் மேல் பட்டது. என் கால் அப்படியே தொங்கியது. மறுபடியும் தட்டினார், மறு காலிலும் தட்டினார். யாரோ ஒருத்தன் கால் மாதிரி இரண்டும் சும்மா கிடந்தன.

"எத்தனை நாளா மரத்துப் போயிருக்கு?"

"மரத்தெல்லாம் போகல தொரை. சும்மா, கொஞ்சம் தூங்குது..."

"சனிக்கிழமை எறும்பு உன் கணுக்கால்ல பதினாலு எடத்துல கடிச்சிருக்கு" என்றார் தியாகராஜன். அவர் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. "நானும் தொரையும் குதிச்சோம். நீ நின்னு பேசிக்கிட்டு இருந்த. மூணு வாரமாப் படியில தடுக்குற. செருப்பு கழண்டதே உனக்குத் தெரியல. மூணு மாசமா வெள்ளைச் சோறும் ரசமும். விழுந்து கெடக்கிற அஞ்சு சேவலும் தின்னத நீயும் தின்னுக்கிட்டு இருக்க."

கால் மரத்துப் போகும், நடை போகும், நெஞ்சு நிற்கும் என்று துரை சனிக்கிழமை சொன்னபோது நான் மாப்பிள்ளைத் தோழன் சேவலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கழுத்து மடங்கிக் கிடந்த அந்த ஐந்து சேவலைத்தான் பார்க்க முடிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அதை வேடிக்கையாகச் சொல்ல ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை.

"அப்பவே ஏன் சொல்லல ஐயா?"

"நேத்து உன் சாப்பாட்டக் கேட்டப்பறம்தான் நிச்சயமாச்சு. கழுநீர் வேலை செய்யுதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. வியாதிய மட்டும் சொல்லி, மருந்து தெரியாம உன்ன ஒரு ராத்திரி படுக்க வைக்க எனக்கு மனசு வரல." என் பக்கத்தில் பெஞ்சியில் உட்கார்ந்தார். "நீ பேசாம இருந்தா எனக்கு வேலை ஓடாது சின்னையா."

மூன்று மாதத்தில் அவர் என்னிடம் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து என் கார்டு சாப்பாடு முடிந்தது. சபாபதி கடையிலிருந்து புழுங்கலரிசி மூட்டை வந்தது. மெஸ்ஸில் பாசிப்பயறு வேகவைத்துத் தரச் சொல்லி இராமலிங்கம் காவல் காத்தான். தினமும் காலை ஒன்பதரைக்கு நல்லம்மாள் இரண்டு செம்பு கொண்டுவருவாள். முதல் செம்பு சேவலுக்கு, இரண்டாவது, தவிடு ஊறவைத்தது, எனக்கு. சேவலுக்கு ஊற்றிவிட்டுக் கும்பிடுவாள். எனக்கு ஊற்றிவிட்டு, "மூச்சப் புடிச்சுக்கிட்டுக் குடிங்க" என்பாள், அவ்வளவுதான்.

ஆடி கடைசி ஞாயிற்றுக்கிழமை முனியாண்டிக்குப் பொங்கல். நல்லம்மாளின் மகள் கைக்குழந்தையோடு பண்டமாரானிலிருந்து வந்திருந்தாள். துரை கையில் ஒரு கண்ணாடிப் புட்டியோடு கூட்டத்தில் ஓரமாக நின்றார். சேவல் முனியாண்டிக்கு, அதன் கால் நரம்பு மட்டும் துரைக்கு என்று தியாகராஜன் பேசி முடித்திருந்தார். இதில் யாருக்கு நஷ்டம் என்று சேவலை யாரும் கேட்கவில்லை. சபாபதி குடும்பத்தோடு வந்து, மாப்பிள்ளையைத் துரைக்குப் பக்கத்திலேயே நிற்கவைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தடியில் கை கூப்பி நின்றேன். பூசாரி கற்பூரம் ஏற்றினார். திடீரென்று வலது கால் சுண்டுவிரலில் சுரீர் என்றது.

"ஆ!" என்று கத்திவிட்டேன். உடுக்கை நின்றது. ஊரே திரும்பிப் பார்த்தது.

குனிந்தேன். ஒரு சிவப்பெறும்பு விரலைக் கவ்விக்கொண்டிருந்தது. வலித்தது. நன்றாக வலித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வலியினால் இல்லை. அதைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

தியாகராஜன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, துரை பக்கம் திரும்பினார்.

"மணி ஒம்பதரை தொரை" என்றார். "பதிமூணாம் நம்பர் கூவிடுச்சு."